இழுப்பறையிலிருந்து ஓர் அம்பு

மன்சூரா நகரத்தின் எல்லையில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில் மேலாண்மைத் தகவல் அமைப்பு படிக்கிற நாலாம் ஆண்டு மாணவர்கள், ஏதாவது ஒரு நிஜ அலுவலகத்துக்குப் போய், அங்கே காகிதம் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரைந்து வர வேண்டும். வேலைக்கு ஒரு வட்டம், காகிதம் போகும் வழிக்கு ஓர் அம்பு. வரைந்தது சரிதான் என்று அந்த அலுவலகமே ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தித் தர வேண்டும்.

அறுபத்திரண்டு பேரில் நாற்பது பேர் மருந்துக்கடையை வரைந்தார்கள். நாற்பதும் ஒரே கடை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சீனியர் வரைந்தது. அந்தக் கடை இப்போது செருப்புக்கடை ஆகிவிட்டது. ஆனால் அதன் முத்திரை மட்டும் பத்திரமாக வருஷா வருஷம் கைமாறி வந்துகொண்டிருந்தது.

ரிஹாம், கல்லூரியின் மாணவர் விவகார அலுவலகத்தையே வரைந்தாள். துணிச்சல் என்று சொல்ல முடியாது. எட்டு மாதமாக வாரம் இரண்டு தடவை அந்த ஜன்னல் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறாள். மூன்றாம் ஆண்டு புள்ளியியலில் அவளுக்கு முப்பத்தாறு மதிப்பெண் போட்டிருந்தார்கள். தேறுவதற்கு ஐம்பது வேண்டும். கூட்டும்போது ஒரு கேள்வியையே விட்டுவிட்டார்கள் என்பது அவள் கட்சி. மறுகூட்டலுக்கு மனு கொடுத்திருந்தாள். அந்த மனுவுக்குப் பதில் வந்தால்தான் ஜூனில் பட்டம். பட்டம் வந்தால்தான் ஜூலை முதல் தேதி தமியத்தா துறைமுகத்துச் சரக்குக் கம்பெனியில் வேலை. வேலை கிடைத்துவிட்டதாக அவள் அம்மா அடுக்குமாடி முழுக்க ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

பாடம் நடத்தும் டாக்டர் லபீப், ரிஹாமின் படத்தை வகுப்புச் சுவரில் பெரிதாகக் காட்டினார். ஜன்னலில் மனு வாங்கப்படுகிறது. நீலப் பதிவேட்டில் எண் போடப்படுகிறது. பிறகு ‘மேடம் அஃபாஃபின் இழுப்பறை’ என்ற வட்டத்துக்குள் போகிறது. அதிலிருந்து வெளியே ஓர் அம்புகூட இல்லை.

அவர் அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு சிவப்பு வட்டம் போட்டார்.

“இதுக்குப் பேரு கருந்துளை. எந்தப் புஸ்தகத்த எடுத்தாலும் மொதல் பக்கத்துலயே இப்படி வரையாதேன்னு போட்டிருக்கும். காகிதத்தத் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கற இழுப்பறை உலகத்துல கிடையாது, இன்ஜினியரம்மா. போயி அம்பத் தேடிட்டு வா. இல்லாட்டி இந்தப் பாடத்துல பூஜ்யம்.”

இதில் பூஜ்யம் என்றால் மனு வெளியே வந்தும் பிரயோஜனமில்லை. ரிஹாம் அம்பைத் தேடிப் போனாள்.

மேடம் அஃபாஃப் மேசைமேல் செய்தித்தாளை விரித்து முலூக்கியா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். நல்ல மனுஷி. யார் வந்தாலும் உட்காரச் சொல்வார், நாற்காலிதான் இருக்காது.

“மனு உங்ககிட்ட வந்தப்புறம் எங்க போகும், மேடம்?”

“இழுப்பறைக்கு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம்னா? பத்திரமா இருக்கும் கண்ணு. எட்டு மாசமாச்சே, உன் மனுமேல ஒரு தூசி பட்டிருக்கும்னு நினைக்கிறியா?”

தூசி படும் என்று ரிஹாமும் நினைக்கவில்லை. அது இரும்பு பீரோவின் மேல் இழுப்பறை. நெற்றியில் தபால்பெட்டிபோல ஒரு பிளவு, கீழே பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு மேடம் விவரமாகவே சொன்னார். இழுப்பறை அவருக்கு முன்னால் இருந்த ஷவ்கி சாரின் பொறுப்பில் இருக்கிறது. ஷவ்கி சார் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. கடலோரத்தில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார், போனை எடுப்பதில்லை. இன்னொருவர் பொறுப்பில் உள்ளதைத் திறக்க வேண்டுமானால் மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைக்க வேண்டும். கமிட்டி கேட்டு, இந்த மேசைக்கு மாறி வந்த முதல் வாரமே மேடம் தன் கையால் மனு எழுதிவிட்டார்.

“அந்த மனு எங்க மேடம்?”

மேடம் அஃபாஃப் கீரையிலிருந்து கண்ணை எடுத்து இழுப்பறையைப் பார்த்தார். “விதிப்படி எந்த மனுவானாலும் அதுலதான போடணும்?”

ரிஹாம் திரும்பிப் போய் டாக்டர் லபீபிடம் இதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். அவர் சிரிக்கவில்லை. எத்தனை காலமாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அறை கழிப்பறையை ஒட்டி இருந்தது. வேறு அறை கேட்டு அவர் மனுக் கொடுத்தும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான். டீன் வேண்டுமென்றே தன்னை அவமதிக்கிறார் என்று முடிவுகட்டி, எதிரே வந்தால் சலாம் சொல்வதைக்கூட நிறுத்தியிருந்தார்.

“சரி,” என்றார் கடைசியில். “அம்பு வேண்டாம். ஆனா முத்திரை வேணும். அம்பு இல்லன்னு அவங்களே குத்திக் குடுக்கட்டும், நான் மார்க் போடறேன்.”

தன் மேசையில் வேலையே நடக்கவில்லை என்று எந்த ஊழியர் முத்திரை குத்துவார்? ரிஹாம் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். மேடம் அஃபாஃப் படத்தைத் தலைகீழாகவும் பிறகு நேராகவும் பார்த்தார். இதில் நான் எங்கே என்று கேட்டார். ரிஹாம் வட்டத்தைக் காட்டினாள்.

“கொஞ்சம் சின்னதா இருக்கே.”

அங்கேயே பெரிதாக்கிக் கொடுத்தாள். மேடத்தின் விரல், அம்பு இருக்க வேண்டிய காலி இடத்தில் வந்து நின்றது.

“நல்லவேள, இங்க ஒண்ணும் போடல. போட்டிருந்தா நான் எதையோ வெளிய விட்டேன்னு ஆயிருக்கும். இத்தன வருஷத்துல என் கைய விட்டு ஒரு காகிதம் போனதில்ல, கண்ணு.”

ஏழு பக்கத்திலும், ஒவ்வொரு தடவையும் முத்திரையின்மேல் வாயால் ஊதிவிட்டுக் குத்தினார். டாக்டர் லபீப் இருபதுக்குப் பதினெட்டு போட்டார். புள்ளியியல் மட்டும் இழுப்பறைக்குள்ளேயே இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் கெய்ரோவிலிருந்து கல்வித் தரம் பார்க்கும் குழு வருவதாகக் கடிதம் வந்தது. மாணவர்களின் களப்பணியில் சிறந்ததை எடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார்கள். ஒரே மருந்துக்கடையை நாற்பது தடவை வைக்க முடியாது. டாக்டர் லபீப் ரிஹாமின் அறிக்கையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். வேறு நோக்கம் எதுவும் இல்லை என்று பிறகு சத்தியம் செய்தார்.

குழு வருவதற்கு முந்தின நாள் டீன் கோப்பைப் புரட்டினார். தன் கல்லூரியில் மனு உள்ளே போகும், வெளியே வராது என்று தன் கல்லூரியின் முத்திரையே ஏழு இடத்தில் சொல்வதைப் பார்த்தார். முத்திரை குத்திய காகிதத்தைக் கிழிப்பது குற்றம். டீன் கமிட்டி அமைக்கவில்லை. தச்சர் பரகாத்தைக் கூப்பிட்டார்.

பரகாத் பத்து நிமிஷத்தில் இழுப்பறையின் பூட்டைப் பெயர்த்து வேலையை முடித்தார். அதில் ஒன்பது நிமிஷம் தேநீர் குடித்தார். உள்ளே நாற்பத்து மூன்று மாணவர் மனுக்கள் இருந்தன. டாக்டர் லபீபின் அறை மனு இருந்தது. மேடம் அஃபாஃபின் கமிட்டி மனு இருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பழுப்பு உறை. ஓய்வு பெற்ற அன்று, இழுப்பறைச் சாவியை முறைப்படி ஒப்படைக்கிறேன் என்று ஷவ்கி சார் எழுதி, சாவியையும் சேர்த்து ஒட்டிப் போட்டது.

“பாத்தியா,” என்றார் மேடம் அஃபாஃப், ஜன்னலில் நின்ற ரிஹாமிடம். “ஒண்ணுகூடக் காணாமப் போகல.”

குழு வருகிற அவசரத்தில் எல்லா மனுவையும் அன்றைக்கே முடித்தார்கள். ரிஹாமின் விடைத்தாளில் நாலாம் கேள்வியின் பதினாறு மதிப்பெண் கூட்டலில் சேரவே இல்லை. முப்பத்தாறு ஐம்பத்திரண்டானது. டாக்டர் லபீபுக்கும் அறை கிடைத்தது. டீன் அறைக்கு அடுத்தது. தினமும் சலாம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்து டாக்டர் லபீப் ரிஹாமின் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். நிலைமை மாறிவிட்டது, படம் உண்மையோடு பொருந்தவில்லை, அம்பு போட்டு மறுபடி முத்திரை வாங்கி வா என்றார். விதிப்படி, அந்த அம்பு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, வேலையைச் செய்பவர் யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எழுத வேண்டும். ரிஹாம் எழுதினாள்: ‘பரகாத், தச்சர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.’

மேடம் அஃபாஃப் படித்துப் பார்த்து, தப்பில்லை என்று குத்திக் கொடுத்தார். பிறகு அன்போடு விசாரித்தார்.

“தமியத்தாவுல வேலையாமே. பட்டச் சான்றிதழுக்கு மனு எழுதிட்டியா, கண்ணு?”

“எங்க குடுக்கணும் மேடம்?”

மேடம் தாடையால் பீரோவைக் காட்டினார். இழுப்பறையில் புதுப் பூட்டு பளபளவென்றிருந்தது. சாவி, கமிட்டி வந்து முறைப்படி பொறுப்பை மாற்றும்வரை, டீன் உத்தரவுப்படி ஓர் உறையில் போட்டு ஒட்டப்பட்டு, பத்திரமான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

ரிஹாம் மனுவை எழுதினாள். பிளவுக்குள் போட்டாள். பதிவு எண்ணை வாங்கிக்கொண்டாள். அப்படியே பரகாத்தின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.