பதினோராம் ஆண்டு நினைவஞ்சலி

1.

இந்தக் கதை ஒரு கூட்டல் குறியிலிருந்து வந்தது. துக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் கூட்டல் குறிதான்.

மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றுக்கு நிரல் எழுதுவது என் வேலை. அலுவலகம் அச்சுவேலியில், ஓர் உரக்கடைக்கு மேல். சனம் சாகும், நாங்கள் படிவம் கொடுப்போம். பெயர், ஊர், படம், கவிதை (விரும்பினால்), முடிந்த ஆண்டுகள். அடுத்த வருடம் தளம் தானாகவே ஒன்றைக் கூட்டி நினைவஞ்சலியை வெளியிடும். அந்த வரியை எழுதியவன் நான்.

படிவத்தில் 1 என்று தட்டினால் கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. 'க' போல, காற்புள்ளி போல. அதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கணக்குப் பார்க்காது, பக்கத்தில் ஒட்டிவிடும். "1" + 1 = "11". முதலில் எண்ணாக மாற்று என்று சொல்லவேண்டும். ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை.

[கழித்தலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. "2" - 1 என்றால் யாரும் சொல்லாமலே எண்ணாக்கி 1 என்று தந்துவிடும். குறைப்பதை அதற்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இதை உவமையாக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்.]

2.

தொடக்கம், முதல் முயற்சி: "குருநகர்க் கடல் அன்று அமைதியாக" – வேண்டாம். அது அமைதியாக இருந்ததோ தெரியாது. நான் பார்க்கவில்லை.

இரண்டாவது: "றொசாந்தி இறந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகும் அவளுடைய" – இதை எப்படி முடித்தாலும் உங்களுக்குத் தொண்டை அடைக்கும். எனக்கு அடைக்கவில்லை. ஆகவே விட்டேன்.

மூன்றாவது: றொசாந்தி என் மனைவி. டெங்கு. ஐந்து நாள். வயது இருபத்தொன்பது. பிள்ளைகள் இல்லை. போன வருடம் தளத்தைச் சோதிக்க ஓர் உண்மையான மரணம் தேவைப்பட்டது. கைவசம் அதுதான் இருந்தது. 1 என்று தட்டினேன்.

மூன்றாவதே இருக்கட்டும்.

3.

இந்த வருடம், செவ்வாய்க்கிழமை காலை, தளம் அவளுடைய பதினோராம் ஆண்டு நினைவஞ்சலியை வெளியிட்டது. கணக்குப்படி, நாங்கள் சந்திப்பதற்கு ஐந்து வருடம் முன்பே அவள் செத்துவிட்டாள்.

கனடாவிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட தமையன், "காலம் எவ்வளவு வேகமாப் போகுது" என்று அதன் கீழே எழுதினார். அவர் செத்தவீட்டுக்கு வந்து சவப்பெட்டி தூக்கியவர்.

பிறகு மாமி அழைத்தார். கத்தரீனா, றொசாந்தியின் தாய்.

[இந்த இடத்தில் மாமி மீது எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவர், "என்ரை பிள்ளையின்ரை சாவு உமக்கு விளையாட்டோ?" என்று கத்துகிறார். நல்ல வசனம். அவர் அதைச் சொல்லவேயில்லை என்பதுதான் பிரச்சினை. சொன்னது கீழே. நம்பக் கடினமானால், நான் சரியாக எழுதியிருக்கிறேன்.]

"தம்பி, பேப்பரிலை பாத்தன்." மாமிக்கு இணையமும் பேப்பர்தான்.

"பிழை மாமி. இப்ப திருத்திறன்."

"பொறும். திருத்தாதையும்."

"ஏன்?"

"ரெண்டு வருசமெண்டா சனம் வாய்க்கு வந்தபடி கதைக்கும். பதினொண்டெண்டா ஆர் கதைக்கிறது? பாவம் பொடியன், இவ்வளவு காலம் தனிய இருந்திட்டான் எண்டுவினம்."

"எதுக்கு மாமி கதைக்கிறது?"

"மயிலிட்டிக் கனிசியஸின்ரை மகள் ஒண்டு கலியாணத்துக்கு இருக்கு. ஆஸ்பத்திரியிலை வேலை. தங்கமான பிள்ளை, கறி மட்டும் வைக்கத் தெரியாது. உமக்கும் ருசி தெரியாதுதானே. சரியா வரும்."

"எப்ப செத்ததெண்டு ஊருக்கே தெரியும் மாமி."

"ஆருக்குத் தம்பி வருசம் ஞாபகம்? பெட்டி தூக்கின கனடாக்காரனே நம்பிட்டான்."

"மாமி, நீங்கள் றொசாந்தியின்ரை தாய்."

"ஓம். அதாலைதான் நான் கேக்கிறன். வேறை ஆர் கேட்டாலும் நீர் போனை வைச்சிடுவீர்."

வைக்கவில்லை.

"சனிக்கிழமை ஆண்டுப் பூசை. அது முடியக் கனிசியஸ் ஆக்கள் வீட்டை வருவினம். வாயாலை சொல்லக் கூச்சமெண்டா உந்தப் படத்துக்குக் கீழை இலக்கமாப் போட்டு விடும். பதினொண்டு கிடந்தா ஓமெண்டு எடுப்பன். ரெண்டு கிடந்தா அவையை வரவேண்டாமெண்டுவன். விளங்குதோ?"

விளங்கியது. இதைவிடத் தெளிவாக எனக்கு ஒரு வாடிக்கையாளரும் தேவையைச் சொன்னதில்லை.

4.

மற்றவர்களுக்காக நிரலை அன்றே திருத்தினேன்; றொசாந்தியின் பதிவை மட்டும் மறுபடி வெளியிடவில்லை. இல்லாவிட்டால் புதன்கிழமை வட்டுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு 51ம் ஆண்டு வந்திருக்கும். அவர் செத்து ஆறு வருடம்.

இனி முடிவுகள்.

முடிவு அ: 2. நான் விசுவாசமான கணவன். உங்களில் பலர் இதையே விரும்புவீர்கள். நீங்கள் வீட்டுக்குப் போகும்போது உள்ளே யாராவது இருப்பார்கள்.

முடிவு ஆ: 11. மயிலிட்டிப் பெண். உப்புக் கூடிய கறி. இரண்டு தேநீர்க் கோப்பைகள். மகிழ்ச் – அழித்தேன்.

முடிவு இ: கணவன் கடற்கரையில் நின்று – வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னேன்.

5.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுடைய பதிவைத் திறந்தேன். 'முடிந்த ஆண்டுகள்' பெட்டியில் 1 இருந்தது. திருத்திய நிரலில் அப்படியே மறுபடி வெளியிட்டால் 2 வரும். 10 என்று மாற்றினால் 11.

முதலில் பெட்டியை வெறுமையாக்கிப் பார்த்தேன். வெறுமையை எண்ணாக மாற்றினால் பூச்சியம். அதோடு ஒன்று. போன வருடத்து நினைவஞ்சலி திரும்ப வந்து நின்றது. போன வருடம் யாரும் பெண் பார்க்கவில்லை. அப்போது நான் [இங்கே ஒரு நல்ல வசனம் வரவேண்டும். வரவில்லை].

பிறகு "தெரியாது" என்று தட்டினேன்.

ஒரு சொல்லை எண்ணாக மாற்றச் சொன்னால் நிரல் கோபிக்காது, நிற்காது. 'எண் அல்ல' என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்துகளைத் தரும்: NaN. அதோடு ஒன்றைக் கூட்டினாலும் அதுதான். அடுத்த வருடமும் அதுதான். இருபது வருடம் கூட்டினாலும் அசையாது.

வெளியிட்டேன்.

பத்து நிமிடத்தில் மாமி.

"தம்பி, உதென்ன போட்டிருக்கிறீர்? எழுத்துக்கூட்டிப் பாத்தா 'நான்'ம் ஆண்டு எண்டு கிடக்கு."

"அது மாமி..."

"ரெண்டுமில்லை, பதினொண்டுமில்லை. ஆரப்பா உந்த நான்?"

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

"நீரோ, நானோ?"

வாசகரே, எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்லவேண்டியவன் நான். பெட்டியை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன்.

[                    ]

எண்ணோ சொல்லோ, ஏதாவது தட்டுங்கள். கொஞ்சம் கெதியாக. மாமி போனில் நிற்கிறார்.