பேனரில் அறிவித்த ஓய்வு

காலையிலிருந்து ரங்கநாதன் தெருவில் ஒரு பெண் விழுந்துகொண்டே இருந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை. தூக்கவும் முடியாது, இரண்டு மாடி உயர ஃபிளெக்ஸ் அது. இசக்கி சில்க்ஸ் வாசலில், வெள்ளி விழா வாழ்த்துக்குக் கீழே, ஷண்முகப்ரியா உடம்பை வில்லாக வளைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து, வாயைப் பிளந்தபடி தொங்கினாள். கையில் உருண்டையாக ஒரு கால்பந்து. கணுக்கால் வரை கருப்புப் பேண்ட். சுற்றிலும் ஆளே இல்லை. எதற்காக இவள் விழுகிறாள் என்பதுதான் தெருவுக்கே புரியவில்லை. குளியலறையில் சோப்பை மிதித்தவள் போலிருக்கிறது என்று எதிர்க்கடைப் பாத்திரக்காரர்கள் சொன்னார்கள். மெல்லத்தான் சொன்னார்கள், ஆனால் இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு.

நிஜ ஷண்முகப்ரியா தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். பேனரின் அடியில் நின்று வாசகத்தைப் படித்தாள்.

'ஆஸ்திரேலிய ஆட்டக்களத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தாய்மண் திரும்பிய எங்கள் வீட்டு வீராங்கனையே, வருக!'

அவளுக்கு ஓய்வு கிடைத்த விஷயம் அவளுக்கே அன்று காலைதான் தெரியும். அதுவும் மெல்போர்னிலிருந்து சொன்னார்கள்.

இந்தப் பெண்ணின் கதை அசோக் நகரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எல்லோருக்கும் பாதி தெரியும். மீதியை அவரவர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மெல்போர்னுக்குப் படிக்கப் போனாள். கல்லூரி மைதானத்தில் பப்பாளிப்பழம் மாதிரியான ஒரு பந்துக்குப் பெண்கள் அடித்துக்கொள்வதை நின்று பார்த்தாள். மறுவாரம் அவளும் அடித்துக்கொண்டாள். படிப்பு முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. அந்த ஊரின் கால்பந்து அது. காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், பந்தோடு ஓடுகிறவளை வளைத்துப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். பிடி தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெரிய கிளப் அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அம்மா இசக்கியம்மாள் மட்டும் மாடிப்படியில் யார் கேட்டாலும், "ஆபீஸ்ல ஸ்போர்ட்ஸ் டே வைப்பாங்கல்லா, அதான்" என்று சொல்லிவந்தாள். வருஷம் முழுக்க ஸ்போர்ட்ஸ் டே நடத்தும் ஆபீஸ் எது என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

போன வருடம் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருடம் படுக்கையும் பயிற்சியுமாகப் போனது. இந்த சீசனின் கடைசியில் மூன்றே ஆட்டங்கள் ஆடினாள். ஓடினாள், உதைத்தாள். ஆனால் எதிராளியை வளைத்துப் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு முறையும் அரை நொடி தயங்கினாள். அந்த அரை நொடியை கிளப் பார்த்துவிட்டது. அடுத்த வருடம் இடம் உண்டா என்று சொல்லாமல் இழுத்தார்கள். பதிலுக்குக் காத்திருந்துகொண்டுதான் டிசம்பரில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

இங்கே அண்ணன் ஆனந்தகுமார் வேறு கணக்கில் இருந்தான். அப்பா போன பிறகு இசக்கி சில்க்ஸ் அவன் கையில், தங்கையும் அவன் கையில் என்பது அவன் எண்ணம். அடையாறில் நகைக்கடை வைத்திருக்கும் ஜோதிலட்சுமி அம்மாளின் மகனுக்கு அவளைக் கொடுக்கப் பேச்சு எடுத்திருந்தான். "விளையாட்டையெல்லாம் விட்டாச்சா?" என்று அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விட்டாச்சு அத்தை" என்றான் இவன். சொன்னதை நிரூபிக்க பேனர். பேனரைப் படம் எடுத்து கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டவன், பந்தா குறையக் கூடாதென்று ஆஸ்திரேலிய கிளப்பின் பெயரையும் அதில் டேக் செய்து கோத்துவிட்டான். தமிழை மொழிபெயர்க்க அங்கே போனுக்குத் தெரியாதா?

கிளப் மேலாளர் காலையில் கூப்பிட்டார். "ஓய்வு பெறுகிறாயாமே, ரசிகர்கள் வாழ்த்துகிறார்கள்."

"பொய். நான் ஆடுறேன்."

"உன் வார்த்தையை நான் நம்புகிறேன். ஆனால் தேர்வுக் குழு உன் முழங்காலையே நம்பவில்லை. இன்று எங்கள் அலுவலகம் மூடுவதற்குள் அடுத்த வருட ஆட்டக்காரிகள் பட்டியல் போயாக வேண்டும். உன் இடத்துக்கு ஒருத்தி காத்திருக்கிறாள். அதே பக்கத்தில் மறுப்பு வரட்டும். இல்லாவிட்டால் உனக்காக என்னால் வாதாட முடியாது."

அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே மத்தியானம்கூட ஆகியிருக்காது, காலை காபியின் கசப்பு நாக்கை விட்டுப் போயிருக்காது.

கடைக்குள் பூஜை முடிந்து கேசரி விநியோகம் நடந்துகொண்டிருந்தது. ஜோதிலட்சுமி அம்மாள் பட்டுப் பிரிவின் வெள்ளை மெத்தையில் அமர்ந்து புடவை புடவையாகப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிளெக்ஸ் அடித்த சிந்தாதிரிப்பேட்டை நூர் முஹம்மதுதான் விழாவுக்கு வீடியோவும். கேமராவைத் தோளில் வைத்து எல்லார் வாயையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் போஸ்ட்டை எடு. நான் ஓய்வு பெறலன்னு எழுதிப் போடு. இப்பவே."

"ஏட்டி, மெதுவாப் பேசு. அவிய வந்திருக்காவ. சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

"சாயங்காலம் என் இடம் இருக்காது. யாரைக் கேட்டு என்னை ரிட்டயர் பண்ணின?"

"பெருமைக்குத்தான போட்டேன்? எவன் போடுவான் தங்கச்சிக்கு ரெண்டு மாடி உயரத்துல?"

"பெருமையா? என் மேட்ச் போட்டோவுல என் காலுக்கு ஏன் பேண்ட் மாட்டின? என் பந்து எங்க? என் இடுப்பைப் பிடிச்சிருந்தவ எங்க?"

"எவ? அவன் ஆம்பளல்லா! ஒருத்தன் உன் இடுப்பைப் புடிச்சிட்டு நிக்கத நான் கடை வாசல்ல மாட்டணுமா?"

"பொம்பளைடா அவ! கிராப் வெட்டியிருக்கா."

நூர் முஹம்மது கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "அண்ணாச்சி தூக்கச் சொன்னாரு, தூக்கிட்டேன் மேடம். தூக்கினப்புறம் பார்த்தா நீங்க சும்மாவே உழுற மாதிரி கீது. ஒரு மரமாச்சும் வெக்கலாம்னு சொன்னேன், கேக்கல."

ஷண்முகப்ரியாவுக்குக் காது இரண்டும் சுட்டது. எத்தனை விடிகாலைகளில் குளிரில் ஓடி உரமேற்றிய தொடைகள். அவற்றை ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே மூடிவிட்டார்கள். தன்னைச் சாய்க்க வந்தவளின் பிடியிலிருந்து திமிறிப் பந்தை அனுப்பிய அந்த நொடி, அவள் வாழ்க்கையிலேயே நல்ல நொடி. அதைச் சோப்பில் வழுக்கியதாக ஆக்கிவிட்டார்கள்.

மகளின் முழங்கையைப் பற்றினாள் இசக்கியம்மாள். "மானத்த வாங்காதட்டி. கல்யாணம் முடியட்டும், அவிய சம்மதிச்சா ஆடேன். யாரு வேண்டாங்கா?"

"நான் ஆடுறதுக்கு அவங்க சம்மதம் எதுக்கும்மா?"

இது மெத்தைக்குக் கேட்டுவிட்டது. ஜோதிலட்சுமி அம்மாள் புடவை முந்தானையை நிரவியபடி நிமிர்ந்தாள். "என்னம்மா, எல்லாத்தையும் விட்டுட்டியாமே. முட்டி தேயறதுக்கு முன்னாடி விட்டது புத்திசாலித்தனம்."

"நான் எதையும் விடல அத்தை. உங்ககிட்ட யாரோ பொய் சொல்லியிருக்காங்க."

புடவை பிரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. ஆனந்தகுமார் பெரிதாகச் சிரித்தான். "விளையாட்டுக்குச் சொல்லுதா அத்தை!" சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டுப் பிரிவின் மெத்தையைச் சுற்றி மாடிப்படியை நோக்கி நழுவினான்.

"போனைக் குடு அண்ணே."

அவன் போனான்.

"கடைசியாக் கேக்கிறேன்."

மெத்தை ஓரத்தில் திரும்பினான். சின்ன வயதில் அவள் மிட்டாயைப் பறித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான், அதே முகம். "வாட்டி, வந்து எடு பாப்போம். ஓடத்தான் தெரியும் உனக்கு."

அவள் ஓடினாள்.

அரை நொடி வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபத்துக்கு அதற்கெல்லாம் நேரமில்லை போலும். தலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, கன்னம் அவன் விலாவில் பதிய, இரண்டு கையையும் சேர்த்து வளைத்து இறுக்கினாள். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. அண்ணாச்சியின் கால்கள் தரையை விட்டன. கேசரித் தட்டு ஒரு பக்கம் பறக்க, இருவரும் வெள்ளை மெத்தையில், பிரித்துப் போட்ட பட்டுகளின் நடுவே போய் விழுந்தார்கள். இடது முழங்கால் மெத்தையைத் தாண்டித் தரையில் மோதியது.

அவள் அசையாமல் கிடந்தாள். போன வருடம் தசைநார் அறுந்தபோது கேட்ட அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. அடியில் கிடந்த அண்ணன் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான்.

"எம்மா... எம்மா..." என்றான் ஆனந்தகுமார்.

"விரலை வை. போன் திறக்கணும்."

வைத்தான்.

"மேடம்," என்றார் நூர் முஹம்மது, "ஃபுல்லா ஷூட் ஆயிக்கினு கீது. நிறுத்தவா?"

"நிறுத்துங்க. இந்தப் போனுக்கு அனுப்புங்க."

பேனர் படம் போனது. அதே பக்கத்தில், கடையின் பெயரிலேயே, அண்ணன் பறக்கும் காட்சி ஏறியது. கீழே இரண்டே சொல் எழுதினாள்: 'ஓய்வு இல்லை.' அந்தப் பதிவையும் கிளப்போடு கோத்தாள். அண்ணன் சொல்லிக்கொடுத்த வழிதானே.

ஜோதிலட்சுமி அம்மாள் எழுந்தாள். "நல்ல வேளை, இப்பவே பார்த்தோம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். பிடித்துப்போன மாம்பழ நிறப் பட்டை மட்டும் கையிலிருந்து விடவில்லை. சம்பந்தம் வேறு, புடவை வேறு.

இசக்கியம்மாள் மெத்தை விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். யாருக்காக அழுதாள் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஷண்முகப்ரியா அவள் அருகில் போகவில்லை. போனால் கோபம் இறங்கிவிடும், அது இன்று இறங்கக் கூடாது.

கேசரியைத் துடைத்து முடிப்பதற்குள் கிளப் மேலாளரின் பதில் வந்தது. 'ஒரு வருட ஒப்பந்தம். இனி யாரும் முழங்காலைப் பற்றிப் பேச மாட்டார்கள். அண்ணன் நலமா?'

அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்குப் போயிருந்தான். "அந்தச் சனியனைக் கீழே இறக்குங்கப்பா!" என்று பேனரைப் பார்த்துக் கத்தினான்.

"இறக்கக் கூடாது" என்றாள் அவள். "நூர் பாய், என்னைப் பிடிச்சிருந்தாளே, அந்தப் பொண்ணை வெச்சிருக்கீங்களா, அழிச்சிட்டீங்களா?"

"ஃபைலு அப்படியே கீது மேடம்."

"அவளைத் திரும்பப் போடுங்க. என் பந்தைப் போடுங்க. பேண்ட்டைக் கழட்டி என் அரைக்கால் சட்டையைப் போடுங்க. நாளைக்கு இதே இடத்துல, இதே உயரத்துல தொங்கணும்."

எதிர்க்கடையில் ஒருவர் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஆனந்தகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள், இடது காலை. அவன் வாயை மூடிக்கொண்டு வழி விட்டான்.