கணக்கில் வந்த எண்

காலை பத்து மணிக்கு ஆய்வகத்தில் அவள் வெப்பமானியைச் சரிபார்த்தாள். ஆறு மாதமாக அது தப்பாகக் காட்டியிருந்தது. ஓரணு கனமே உள்ள இரண்டு கார்பன் தாள்களை லேசாகத் திருகி ஒட்டி, கடுங்குளிரில் இறக்கி, மின்தடை எந்த வெப்பநிலையில் அடியோடு மறைகிறது என்று அவள் அளந்திருந்தாள். குறிப்பேட்டில் 1.7 கெல்வின். உண்மையில் அது 2.3.

கருவி கெட்டதில் பெரிய வருத்தமில்லை, எங்கும் நடப்பதுதான். ஆனால் அதே கட்டடத்தின் மாடியில் கோட்பாடு பார்க்கும் அவள் கணவன், அவள் தன் அளவீட்டை யாரிடமும் சொல்லும் முன்பே, கணக்குப் போட்டு 1.7 என்று சொல்லியிருந்தான். துறையே கைதட்டியது. இருவர் பெயரிலும் கட்டுரை அடுத்த வாரம் வெளிவருகிறது. தப்பான எண்ணை ஒரு கணக்கு எப்படி அவ்வளவு சரியாகச் சொல்லும்?

படியேறும்போது மனதுக்குள் அவனுக்காக வாதாடிக்கொண்டே போனாள். தற்செயலாக இருக்கலாம். அந்தத் தாள்களில் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. நின்றவை தடையின்றி ஓடுவது எப்படி? அவற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வடிவம்தான் ஓட்டுகிறது என்பது அவன் கட்சி. அந்த வடிவத்தைக் கறாராகக் கணக்கிடலாம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்குகின்றன என்பதை அப்படிப் பெற முடியாது. அங்கே வேண்டிய விடைக்கு ஏற்ப எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடமுண்டு.

அறையில் அவன் இல்லை. மேசையில் கணக்குத் தாள்கள். பதினான்காம் பக்கத்தில் அந்த நெருக்கத்துக்கான எண்ணை மூன்று முறை அடித்துவிட்டு நான்காவதாக ஒன்றை எழுதியிருந்தான். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

தேநீரோடு உள்ளே வந்தவன் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"என் நோட்டை எப்ப பாத்தீங்க?"

கோபத்தில் மட்டுமே அவளுக்கு 'நீங்க' வரும்.

"என்ன பேசுற? கணக்குல வந்துச்சு."

"தெர்மாமீட்டர் தப்பு. ஒன் பாயின்ட் செவன் இல்ல, டூ பாயின்ட் த்ரீ."

அவன் கோப்பையை வைக்க இடம் தேடினான். "வடிவத்தோட பங்கு சரிதான். அதுல நான் கை வைக்கல."

"அத நான் கேக்கல."

கோப்பையைத் தாள்கள் மேலேயே வைத்துவிட்டுச் சொன்னான். "ரெண்டு எண்ணும் ஒண்ணா வந்த அன்னிக்கு நீ எவ்ளோ சந்தோஷப்பட்ட."

தான் சந்தோஷப்பட்ட மற்ற நாட்களையும் அவள் மனம் ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கியது. அவனுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்து, கட்டுரையை நிறுத்தச் சொல்லி அவன் கணினியிலேயே பத்திரிகைக்கு எழுதினாள். அடியில் தன் பெயரைப் போட்டாள். பிறகு அதை அனுப்பாமல் எழுந்து, அவனுக்கு வழிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

திரையில் அவள் பெயருக்குக் கீழே, காலியான வரியில், சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.