நானே எழுதிய சிபாரிசுக் கடிதம்

எட்டாவது நிராகரிப்பு வந்த காலையில் எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

பட்டப்படிப்பின் கடைசி வருடம். நிதியியல் முனைவர் படிப்புக்கு ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். கணக்கில் வகுப்பிலேயே முதல். போதாததற்கு, எங்கள் பேராசிரியருக்காக இரண்டு வருடம் நாலாயிரம் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் திறந்து, எந்த இயக்குநர் எந்தெந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று ஒவ்வொரு பெயராகப் பதிந்து கொடுத்திருந்தேன். அதை வைத்து அவர் எழுதிய கட்டுரை பெரிய இதழில் வந்தது. அடிக்குறிப்பில்கூட என் பெயர் இல்லை.

சிபாரிசுக் கடிதம் கேட்டபோது, “நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்” என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். நானும் எழுதினேன்: நேரம் தவறாதவள், அடக்கமானவள், சொன்ன வேலையைச் செய்பவள். ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறவர்களிடம் வாடகை வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரியைச் சிபாரிசு செய்தது போல இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவன் ஜம்பம். வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர். அன்று மதியம் கேன்டீனில், தனக்கு இடம் கிடைத்த கதையை அளந்துகொண்டிருந்தான்.

“உன் லெட்டர்ல என்ன எழுதினே?” என்று கேட்டேன்.

“இருபது வருஷத்துல இப்படி ஒரு ஸ்டூடன்ட்டைப் பார்த்ததில்லைன்னு. சார் படிக்காமலே அனுப்பிட்டாரு.”

ஒரே கையெழுத்து, இரண்டு கடிதம்.

வீட்டில் அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் பாய்ந்தேன். “அடக்கமா இரு, அடக்கமா இருன்னு சொல்லியே என்னைக் கெடுத்துட்டே.”

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “பெருமை பீத்திக்காதேன்னுதான் சொன்னேன். செஞ்ச வேலையை மறைக்கவா சொன்னேன்?”

ஒன்பதாவது இடத்துக்குக் கடிதம் போய்ச் சேர மறுநாள் மாலைவரை நேரம் இருந்தது. உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இந்த முறை நடந்ததற்கு மேல் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் பேராசிரியரின் அறையில், கடிதக் கோப்பை அவர் கணினியில் ஏற்றினேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு தடவை படிச்சுடுங்க சார்.”

“எதுக்கும்மா? உன்மேல நம்பிக்கை இருக்கு.”

“மாத்தி எழுதியிருக்கேன் சார். படிச்சுட்டு அனுப்புங்க.”

“பரவாயில்லம்மா” என்றபடி கையெழுத்தை ஒட்டினார், பொத்தானை அழுத்தினார். “போயிடுச்சு. ஆங், புதுசா எழுநூறு அறிக்கை வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு.”

“முடியாது சார். நான் வேலையிலேருந்து நின்னுட்டேனே.”

“எப்போ? எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. உங்க கட்டுரையோட தரவு மொத்தமும் நான் சேர்த்தது, கட்டுரையில இருந்த ரெண்டு பிழையைக் கண்டுபிடிச்சதும் நான், என் பேரைப் போடாம விட்டது உங்க தப்பு, அதனால இன்னையோட நான் உங்ககிட்ட வேலை செய்யலைன்னு. கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

அவர் செல்போனைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அந்தக் கடிதத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.