இறங்கும் படிக்கட்டு

கடைசிப் படியில் அளவுநாடாவை வைத்துப் பார்த்த செண்பகவல்லி, மறுபடியும் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். மற்றப் படிகளைவிட அது ஒரு விரற்கடை குட்டை.

பல்கலைக்கழகக் கட்டட விதிகளின்படி ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, இறங்குவதற்கு இன்னொன்று. புதிய கலைப்புலக் கட்டடத்தில் ஏறும் படிக்கட்டு ஆனியிலேயே முடிந்துவிட்டதால் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஏறியவர்கள் மேலேயே இருந்தார்கள். சாப்பாடு கூடையில் போனது. வெறுங்கூடை கயிற்றில் இறங்கி வந்தது. கூடைக்கு விதி கிடையாது. ஏறியவர்களின் செருப்புகள் கீழே வரிசையாகக் கிடந்தன. அதில் ஒரு ஜோடி, வரலாற்றுத் துறையில் பாடம் நடத்தும் அவள் கணவன் இசக்கியப்பனுடையது.

பல்கலைக்கழகப் பொறியாளர் அவள்தான். அவள் சரியென்றால் இறங்கும் படிக்கட்டு திறந்துவிடும். வெள்ளிக்கிழமை அவர்கள் மகள் மதிவதனிக்குக் கல்யாணம்.

"ஒரு பூச்சு பூசி உசத்திருவோம், மேடம்," என்றார் ஒப்பந்தக்காரர் சாகுல் அமீது.

"அப்ப அதுக்கு மேல உள்ள படி குட்டையாயிரும்."

"அதையும் பூசினா?"

"அதுக்கு மேல உள்ளது."

அவர் படிகளை மேலே வரைக்கும் பார்த்தார். "மாடித் தரையையே உசத்திரலாம். பங்குனி ஆயிரும்."

மாடிச் சன்னலில் இசக்கியப்பன் தலையை நீட்டினான்.

"என்ன செண்பகம், ஆச்சா?"

"கடைசிப் படி குட்டை."

"நான் தாவிக்கிடுதேன்."

"நீங்க தாவிருவீங்க. பின்னால வார பிள்ளைங்க?"

அவன் உள்ளே திரும்பிக் கேட்டான். "அவங்களும் தாவுதாங்களாம்."

"தாவுறது இறங்குறதுல சேராது."

அவன் சன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் எட்டினான்.

"அப்ப நம்ம பிள்ளையை யாரு தாரைவார்த்துக் குடுக்கது?"

செண்பகவல்லி படியைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக் கடைசிப் படியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஏறினார்கள். "தட்டோட ரெண்டு பேரு தாராளமாப் போலாமே," என்று ஏறும் படிக்கட்டின் அகலத்தை மெச்சினார் மாப்பிள்ளையின் தாய்மாமன். வாழைமரங்கள் ஏறின. சமையல்காரர்கள் அண்டாக்களோடு ஏறினார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஏறினார். மதிவதனி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோழிகள் சூழ ஏறினாள். சாகுல் அமீது, படிக்கட்டை இடித்துக் கட்ட வந்திருந்த கொத்தனார்களையும் கூப்பிட்டுக்கொண்டு, பரிசுப் பொட்டலத்தோடு ஏறினார்.

கீழே யாரும் இல்லை. செண்பகவல்லி செருப்பைக் கழற்றி இசக்கியப்பனின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். பிறகு குனிந்து, இரண்டு ஜோடிகளையும் வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டு ஏறினாள்.