இத்தாலிக் கிழவியின் ஆசீர்வாதம்

பரமசிவனுக்கு இத்தாலி பாஷை தெரியும் என்று இலத்தூரே நம்பியது. அவனுக்குத் தெரிந்தது என்னவோ ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்கும் அர்த்தம் தெரியாது.

யுத்தத்தில் அவனும், அவன் மனைவி மாரித்தாயின் அண்ணன் மாடனும் ஒரே பட்டாளம். இத்தாலியில் ஒரு மலையூரில், ஜெர்மன்காரன் கண்ணில் படாமல் இரண்டு பேரையும் பத்து நாள் வைக்கோல் அறையில் வைத்துக் காப்பாற்றினாள் ஒரு கிழவி. கிளம்பிய காலையில் வாசலை மறித்துக்கொண்டு, எதிரே இருந்த தோப்பைக் காட்டி, அழுதபடியே அந்த வாக்கியத்தை மூன்று தரம் சொன்னாள். பெற்றவள் மாதிரி வாழ்த்தினால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்யும்? நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வழியும் காட்டிவிட்டாள் புண்ணியவதி, பிரிவுதான் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டே தோப்புக்குள் நடந்தார்கள்.

முன்னால் போன மாடன் கண்ணிவெடியை மிதித்தான். பரமசிவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

தன் தாலி தங்கியது கிழவியின் ஆசீர்வாதத்தால்தான் என்று மாரித்தாய் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டாள். பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் படத்துக்கு விளக்கேற்றி அதைச் சொன்னாள். அண்ணன் காதில் கடைசியாக விழுந்த நல்ல வார்த்தை என்னவென்று தெரியாமல் தன் கட்டை வேகாது என்பாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரல் சமயத்தில், பரமசிவன் காவல் பார்த்த குற்றாலத்து பங்களாவில் ஒரு இத்தாலிப் பாதிரியார் வந்து தங்கினார். பட்டாளத்து இங்கிலீஷில் கதையைச் சொல்லி, வாக்கியத்தை ஒப்பித்தான்.

"இது இத்தாலியன் இல்லை" என்றார் அவர். "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து குடியேறிய அல்பேனியர்களின் பேச்சு. எங்கள் ஆட்களுக்கே விளங்காது. அந்த மலையில் பூசை வைத்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெரியும்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தோப்பு வழியாகப் போகாதீர்கள் மக்களே, வெடி புதைத்திருக்கிறார்கள்."

பரமசிவன் தலையில் அடித்துக்கொண்டான். விழுந்து கும்பிட்டுவிட்டு நேரே அங்கேயே போனோமே, பாவிகள்!

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மாரித்தாய் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

"சாமியார்ட்ட கேட்டியளா? கெழவி என்னதான் சொல்லிருக்கா?"

அவன் படத்தைப் பார்க்கவில்லை.

"நல்லபடியா ஊரு போய்ச் சேருங்க மக்கான்னு சொல்லிருக்கா."

மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அர்த்தம் தெரிந்த சந்தோஷத்தில், என்றைக்கும் இல்லாமல் குரலை உயர்த்தி, அண்ணனுக்குக் கிழவியின் வாக்கியத்தை மூன்று தரம் சொன்னாள்.

மூன்று தரமும் பரமசிவனுக்குப் புரிந்தது.