படகுக்கூலி

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது குரோனர் தரவேண்டியவன் பெட்டிக்குள் கிடந்தான். பெட்டியின் முன்பக்க இடது கைப்பிடி ஆர்விட்டின் கையில் இருந்தது. கூடப்பிறந்தவன்தான் முன்னால் பிடிக்க வேண்டும் என்று அண்ணி போர்ஹில் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு பேர் தூக்கினார்கள். எதிர்க் கைப்பிடியில், தலைநகரிலிருந்து வந்திருந்த கட்சிக்காரர் ஃப்ரெட்ரிக். கல்லறைப் பாதை முழுக்க உறைபனி.

"கொஞ்சம் மெதுவா போங்க, வழுக்குது," என்றார் அவர்.

"இவன் யாருக்காகவும் மெதுவா போனவன் இல்ல," என்றார் ஆர்விட். நடையைக் குறைக்கவில்லை.

குழிக்குள் இறக்கினார்கள். பாதிரியார் மூன்று தடவை மண் போட்டார். உறைந்த மண். கல் விழுவது மாதிரிச் சத்தம்.

அண்ணன் ஓஸ்முன்ட் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, இருபத்தாறு வயதில் வலதுசாரிக் கட்சி சார்பில் ஊர்மன்றத்துக்குப் போனவன். மூன்று தடவை மேயர். பிறகு இரண்டு தடவை நாடாளுமன்றம். கையில் இருப்பதற்குமேல் செலவு செய்யாதே, இதுதான் அவனுடைய அரசியல். அவன் மேயராக இருந்த கடைசி வருஷம், தீவில் இருந்த முதியோர் இல்லத்தை மூடுவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு வந்தது. ஒருத்தர் காய்ச்சலில் படுத்துவிட, பத்துக்குப் பத்து என்று நின்றது. சமமாக நின்றால் மேயரின் கைதான் தீர்ப்பு. அந்த இல்லத்தில்தான் அவர்களுடைய அம்மாவும் இருந்தாள். ஓஸ்முன்ட் மூடச் சொல்லிக் கையைத் தூக்கினான்.

"சொந்த அம்மாவுக்காக நான் கைய மாத்தினா, நாளைக்கு எவன்டா என்ன நம்புவான்?" என்று அன்றைக்கு ஆர்விட்டிடம் கேட்டான்.

அம்மாவைப் படகில் ஏற்றி அக்கரையில் இருந்த இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று குளிர்காலம் இருந்தாள். ஆர்விட்டுக்கு மீன் தொழிற்சாலையில் ஆறு நாள் வேலை, காட் மீனின் வயிற்றைக் கிழிப்பது. ஏழாம் நாள் படகு. அலை அதிகமான நாட்களில் குடலே வெளியே வந்துவிடும். ஓஸ்முன்ட் அதற்குள் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டான். வந்தது இரண்டே தடவை.

அம்மா போனபின், ஆர்விட் மேசை மேல் படகுச் சீட்டுகளைக் கொட்டிக் கூட்டி, தொகையை அண்ணனுக்கு எழுதி அனுப்பினார். நாடாளுமன்றத் தாளில் பதில் வந்தது. மன்றத்தின் முடிவுக்குத் தனிநபர் பொறுப்பாக முடியாதாம். அடியில், 'நட்பான வாழ்த்துகளுடன்' என்று போட்டு முழுப்பெயரில் கையெழுத்து. கூடப்பிறந்தவனுக்கு.

அதன்பிறகு ஆர்விட் அண்ணனுக்கு வணக்கம் சொன்னதில்லை. படகுத்துறையில் பார்த்தால் தொகையைச் சொல்வார். கடையில் ரொட்டி வாங்கும்போது பார்த்தால் தொகையைச் சொல்வார். ஓஸ்முன்ட் தொப்பியைத் தொட்டுவிட்டு நடப்பான். பதினாலு வருஷம் இப்படியே போனது.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர்க்கூடத்துக்கு வந்தார்கள். காப்பி, இறால் வைத்த ரொட்டி, கிரீம் கேக். போர்ஹில் முன்வரிசையில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். ஃப்ரெட்ரிக் எழுந்து பேசினார்.

"கொள்கைன்னா என்னன்னு கட்சிக்குக் காட்டினவர். சொந்த அம்மாவுக்குக்கூட விதிவிலக்கு குடுக்காத மனுஷன். ஒரு குரோனர் கடன் இல்லாம இந்த ஊர நம்ம கையில குடுத்துட்டுப் போயிருக்கார்."

பலர் தலையாட்டினார்கள். வேறு யாராவது பேசுவதென்றால் பேசலாம் என்றார் பாதிரியார். அப்படிச் சொன்னதும் எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்ப்பதுதான் அந்தத் தீவில் வழக்கம். ஆர்விட்டின் நாற்காலி தரையைக் கீறியது.

"கடன் இருக்கு. எனக்குத் தரணும். பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது."

"உக்காரு ஆர்விட், கேக் இன்னும் இருக்கு," என்றாள் பக்கத்து வீட்டு குன்வோர். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"நீயே தின்னு. அம்மாவுக்கு விதிவிலக்கு குடுக்கலன்னு மெச்சுறீங்க. மெச்சுங்க. அவ அங்க ஜன்னலோரம் உக்காந்து படகத்தான் பாத்துக்கிட்டிருப்பா. நான் உள்ள போனதும், 'ஓஸ்முன்ட் வந்துட்டானா?' வாரம் தவறாம இதே கேள்வி. போனது நான். கேட்டது அவன. அதுக்கு எவன் கூலி தருவான்? கட்சி தருமா?"

ஆர்விட் வாசலுக்குப் போய்த் தன் கோட்டைத் தேடினார். கறுப்புக் கோட்டுகளில் எது தன்னுடையது என்று கை குழம்பியது. போர்ஹில் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடியல."

"அப்ப இதையும் கேட்டுக்கோ. கடைசி நாள் ஆஸ்பத்திரியில நர்ஸ் அவர்கிட்ட இது எந்த வருஷம்னு கேட்டா. என்ன சொன்னார் தெரியுமா? பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது. பொண்டாட்டி பேர் என்னன்னு கேட்டா. அதுக்கும் அதேதான். நான் கட்டில் பக்கத்துலதான் நிக்கிறேன், ஆர்விட். நாப்பத்திரண்டு வருஷம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சட்ட தேச்சுக் குடுத்தவ. என் பேர் வரல. உன் கணக்கு வந்துச்சு."

கோட்டுகளுக்குள்ளிருந்து அவருடையதை உருவி அவர் கையில் திணித்தாள்.

"அப்ப ஏன் குடுக்கல?" ஆர்விட் கத்தியே விட்டார். "ஞாபகம் வச்சிருந்தானே பாவி, ஏன் குடுக்கல?"

"குடுத்திருந்தா நீ அவர்கிட்ட வந்து ஒரு வார்த்தையாவது பேசியிருப்பியா?" என்றாள். "ரெண்டு பேரும் ஒரே கழுதைக்குப் பொறந்தவனுங்க." உள்ளே போய்விட்டாள்.

ஆர்விட் வெளியே வந்தார். கூடத்தின் முன்னால் கொடி இன்னும் அரைக்கம்பத்தில் நின்றது. ஊர் முறைப்படி, பெட்டி மண்ணுக்குள் போனதும் கொடியை உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். ஒருத்தனும் ஏற்றவில்லை. இவ்வளவு பெரிய மனுஷன், இத்தனை மாலை, இத்தனை பேச்சு. வாயில் வந்த வசவை அப்படியே சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பனியில் விறைத்து இரும்பு மாதிரி இருந்தது.

ஃப்ரெட்ரிக் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"பாருங்க, இந்த விஷயம் வெளியே போனா அவர் பேருக்கு நல்லாருக்காது. அந்தத் தொகையக் கட்சியே குடுத்துரும். உங்க வங்கிக் கணக்கு நம்பர மட்டும் சொல்லுங்க."

"எந்தத் தொகை?"

"இப்பத்தானே உள்ள சொன்னீங்க. உங்க அண்ணன் தரவேண்டிய..."

"எங்க அண்ணன் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்ல."

"ஆனா இப்பத்தானே—"

"இல்லன்னா இல்ல. கால எடுங்க, கயித்து மேல நிக்கிறீங்க."

ஃப்ரெட்ரிக் காலை நகர்த்தினார். ஆர்விட் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கொடி பாதி ஏறி ஒருமுறை சிக்கியது. வெடுக்கென்று ஒரு இழுப்பு. அப்புறம் நிற்காமல் போனது.